சோப்பு அடைத்த சேசிஸ்

ஈரத்தோல் ஏற்றுகிற லாரியின் பக்கத்தில் யாரும் நிற்கமாட்டார்கள். ராயப்பராஜ் ஓட்டிய லாரி அரை பர்லாங் தூரத்தில் வரும்போதே டீக்கடைக்காரர், "அங்கேயே நிப்பாட்டிக்க அப்பு" என்று கையைக் காட்டிவிடுவார்.

ஒட்டன்சத்திரத்திலும் வத்தலக்குண்டிலும் உரித்த தோல்களை உப்புப் போட்டு அடுக்கி, தங்கமுத்துவின் தோல் பதனிடும் ஷாப்புக்குக் கொண்டுவருகிற வண்டி. ரத்தமும் உப்புத்தண்ணியும் பலகை இடுக்கில் ஒழுகிக் கீழே இரும்பில் இறங்கும். ஆறு வருசமாக இறங்கிக்கொண்டிருந்தது. எண்பத்தாறு சித்திரையில், செம்பட்டி தாண்டி ஓர் இறக்கத்தில், பிரேக் பெடல் ஒரேயடியாகத் தரை தொட்டது. கியரைக் குறைத்து ஒரு மண்மேட்டில் ஏற்றித்தான் ராயப்பராஜ் வண்டியை நிறுத்தினான். தோல்களின் மேல் உட்கார்ந்து வந்த லோடு ஏற்றி இறக்குகிற நாலு பொம்பளைகளில் ஜக்கம்மாள் கீழே விழுந்ததில் முழங்கை பிசகியது.

மெக்கானிக் அப்துல் ஜப்பார் பிரேக் பைப்பை மாற்றிக் கொடுத்தார். பிறகு டார்ச்சை அடித்துக்கொண்டு இன்னும் உள்ளே போனார். வெளியே வந்ததும் வாந்தி எடுத்தார். வாயைக் கழுவிவிட்டுச் சொன்னார்.

"பைப்பு போனது பெருசில்ல. பின் ஸ்பிரிங் பட்டை மாட்டுற இடத்துல சேசிஸே செல்லரிச்ச மாதிரி இருக்கு. வெட்டிட்டுப் புது இரும்பு வச்சு அடிக்கணும். பத்து நாள் வண்டி நிக்கும்."

"எஃப்.சி. முடியட்டும் பாய்" என்றார் தங்கமுத்து.

எஃப்.சி. என்றால், வருசத்துக்கு ஒருமுறை வண்டியை மைதானத்தில் காட்டி, ரோட்டில் ஓடத் தகுதி உண்டு என்று ஆபீசரிடம் கையெழுத்து வாங்குவது. அதற்கு முதல்நாள் இரவல் டயர் மாட்டுவார்கள், கண்ணாடிக்கு இரவல் வைப்பர் மாட்டுவார்கள். கையெழுத்து வாங்கிய மறுநாள் எல்லாம் சொந்தக்காரனிடம் திரும்பிவிடும். மொட்டை டயர் பழைய இடத்துக்கு வரும். இதையெல்லாம் ராயப்பராஜும் பல வருசம் செய்தவன்தான்.

இந்தத் தடவை ஒரு பார் சோப்பையும் கறுப்பு பெயிண்டையும் கொடுத்தார்கள்.

"ஓட்டையில சோப்பை அமுக்கி மேல பெயிண்ட் அடிச்சுரு. பலகையைக் கழுவ வேணாம். அந்த நாத்தத்துக்கு எந்த ஆபீசரும் குனியமாட்டான்" என்றார் தங்கமுத்து.

ஜப்பார், "இந்த வேலைக்கு என் கை வராது" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ராயப்பராஜ் போகவில்லை. மல்லாந்து படுத்துச் சோப்பை அமுக்கினான். மேலேயிருந்து ஒரு சொட்டு உதட்டில் விழுந்தது. துப்பிவிட்டு மறுபடியும் அமுக்கினான்.

ஜக்கம்மாள் குனிந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, வண்டியக் குளிப்பாட்டுறியா?"

"போத்தா அங்கிட்டு."

"சேசிஸ், சேசிஸ்னு பாய் சொன்னாரே, அது எது?"

"கட்டிலுக்குச் சட்டம் மாதிரி. இஞ்சின், பாடி, லோடு, அம்புட்டும் இது மேலதான் நிக்குது."

"சட்டம் ஒடிஞ்சா?"

"பட்டை வெலகும். அச்சு ஒருபக்கமா இழுக்கும். வண்டி கவுந்துரும்."

அவள் கையை நீட்டி, காயாத பெயிண்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விரல் உள்ளே போனது. ஷாப்பில் தோலைத் தரம் பிரிக்கிறவளும் அவள்தான். உரிக்கிறவர்கள், கத்தி பட்டுக் கிழிந்த இடத்தில் கொழுப்பைப் பூசித் தள்ளிவிடப் பார்ப்பார்கள். கட்டைவிரலால் தடவியே கண்டுபிடித்து அந்தத் தோலை ஒதுக்கிப் போடுவாள்.

"கழிச்ச தோலைக்கூட நாங்க தனியா போட்ருவோம்ணே" என்றாள். விரலை மண்ணில் தேய்த்தாள். "வெள்ளிக்கிழமை லோடுக்கு நாங்க நாலு பேரும் இதுலதான வாரோம்?"

ராயப்பராஜ் பிரஷ்ஷைப் பெயிண்டில் தோய்த்தான். அவள் விரல் பதிந்த பள்ளத்தில் மறுபடி பெயிண்ட் அடித்தான். அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தான். தொட்டுக்க வைத்த வெஞ்சனத்தில் கை வைத்தாலே சோப்பு வாடையும் பிண வாடையும் சேர்ந்து வந்தது.

மறுநாள் மைதானத்தில் ஆபீசர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு பத்தடி தள்ளியே நின்றார். ஹாரன் அடிக்கச் சொன்னார். லைட்டைப் போடச் சொன்னார். கொஞ்ச தூரம் ஓட்டி பிரேக் பிடிக்கச் சொன்னார். புது பைப், நன்றாகவே பிடித்தது. பக்கத்து லாரியின் அடியில் படுத்துத் தட்டிப் பார்த்தவர் இங்கே குனியவில்லை. தங்கமுத்து சொன்னது அப்படியே நடந்தது. அதுதான் ராயப்பராஜுக்குத் தாங்கவில்லை.

ஆபீசர் பேனாவைத் திறந்தார்.

ராயப்பராஜ் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தான். "என்னடா பண்றே?" என்று தங்கமுத்து கேட்டது காதில் விழுந்தது. குத்தி நெம்பினான். கறுப்புப் பெயிண்ட் தோலோடு ஒரு சோப்புக்கட்டி பெயர்ந்து நெஞ்சில் விழுந்தது. எடுத்துக்கொண்டு நேரே குழாயடிக்குப் போய், எல்லாரும் பார்க்கக் கையில் போட்டுத் தேய்த்தான். துருவும் பெயிண்ட்டும் கலந்து நுரை காவி நிறத்தில் வழிந்தது.

"எந்த ஊர் சோப்புய்யா அது, இந்த நெறத்துல?" என்றார் ஆபீசர்.

"சேசிஸ்ல இருந்து எடுத்தேன் சார். இன்னும் மூணு கட்டி இருக்கு."

ஆபீசர் அவனையும் வண்டியையும் பார்த்தார். பேனாவை மூடினார். கைக்குட்டையைப் பைக்குள் வைத்துவிட்டு, பேன்ட்டை முழங்கால் வரை இழுத்துக்கொண்டு குனிந்தார்.

தங்கமுத்து பக்கத்தில் வந்து, "சாவி" என்று கையை நீட்டினார்.

ராயப்பராஜ் நுரைக் கையோடு சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான். அவர் முகத்தைச் சுளித்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.