ஹண்டர் சாய்ந்த கூரை

1

இந்தக் கதை என் அத்தையிடமிருந்து திருடியது. அவர் உயிரோடு இருக்கிறார், வாசிப்பார், திட்டுவார். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் விமானப்படையின் வரலாறு எழுதத்தான் உட்கார்ந்தேன். ‘நாற்பத்தொன்பதில் தொடங்கிய லெபனான் விமானப்படை, இத்தாலியிடம் வாங்கிய மூன்று எஞ்சின் விமானங்களை வைத்துக்கொண்டு...’

சீ, வேண்டாம். பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கிறது.

மறுபடியும். ‘அறுபதுகளில் ரயாக் விமானத் தளத்திலிருந்து ஹண்டர் போர்விமானம் கிளம்பினால் அலமாரியில் கண்ணாடித் தம்ளர்கள் கிணுகிணுக்கும். எங்கள் ஊர்ப் பெண்கள் மொட்டைமாடிக்கு ஓடுவார்கள், காயப்போட்ட கோதுமையைத் துணியால் மூட.’

இது பரவாயில்லை. (மூட மட்டுமா ஓடினார்கள் என்பதுதான் கதை.)

2

வதாத் அத்தை என் அப்பாவின் அக்கா. விமானி அதீப் அடுத்த தெருக்காரர். ஒரு கல்யாணத்தில் இருவரும் கைகோத்து தப்கே ஆடியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஹண்டர் எங்கள் கூரைக்கு மேலே வந்ததும் ஒரு பக்கமாகச் சாயும். அத்தை முக்காட்டை அவிழ்த்து வீசிக் காட்டுவார். வந்த வரன்களை எல்லாம் “எனக்கு ஆள் இருக்கு” என்று வானத்தைக் காட்டித் திருப்பி அனுப்பினார். என்ன காலம் அது! நினைத்தால் எனக்கே ஏக்கமாக இருக்கிறது, நான் அப்போது பிறக்கவே இல்லை.

அதீப் பிரேசிலுக்குப் போனார். அங்கேயே கல்யாணம், கடை, பேரன் பேத்தி. அத்தை இங்கே தனியாக

(இந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை.)

3

போன வாரம் அதீப் ஊருக்கு வந்தார். காப்பி குடிக்கிற சாக்கில் போய்க் கேட்டேன். பக்கத்தில் அவர் மனைவி வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“மாமா, எங்க அத்தைக்குத்தானே றெக்கையைச் சாய்ச்சீங்க?”

“அட போம்மா! அந்த மலைக்கு அந்தாண்டை வேற நாடு. கிளம்பின கையோட திரும்பலேன்னா பக்கத்து நாட்டுக்காரன் சும்மா விடுவானா? நம்ம நாடே கைக்குட்டை அளவு. திரும்பணும்னா விமானம் சாயத்தான் செய்யும். எல்லாரும் அங்கதான் சாய்ஞ்சோம்.” பிறகு கோப்பையைப் பார்த்தபடி, “எந்த வதாத்?” என்றார்.

ஒரு நாட்டின் சின்ன அளவை நம்பியா என் அத்தை கல்யாணமே வேண்டாம் என்றிருந்தார்?

4

முடிவு ஒன்று: அத்தையிடம் சொல்லாமல் மறைத்துவிடுகிறேன்.

முடிவு இரண்டு: அதீப் மாடிப்படி ஏறி வருகிறார், அத்தை முக்காட்டைச் சரிசெய்து... (வெட்கமாக இருக்கிறது. அடித்துவிட்டேன்.)

யோசித்துக்கொண்டிருக்கும்போதே அத்தை தாள்களை எடுத்து வாசித்துவிட்டார்.

“ஏண்டி ரந்தா, எல்லை கிட்ட விமானம் திரும்பும்னு எனக்குத் தெரியாதாக்கும்? என்னைக் கேணச்சின்னே முடிவு பண்ணிட்டியா?”

“அப்போ ஏன் அத்தே இத்தனை வருஷம்...”

“மத்தவனுங்க எல்லாம் நம்ம ஊருக்கு முன்னாடி இருக்கிற ஓடைகிட்டயே திரும்பிடுவானுங்க. ஒருத்தன் மட்டும் ஓடையைத் தாண்டி, நம்ம கூரை வரைக்கும் வந்து, அப்புறம்தான் சாய்வான். அவன் லீவுல வீட்டுக்கு வந்திருந்தா, ஒரு விமானமும் ஓடையைத் தாண்டாது. இதை எழுது.”

எழுதிவிட்டேன். ஓடையைத் தாண்டினால் எல்லை எவ்வளவு பக்கம் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

“மறுபடியும் போய் அவர்கிட்டயே கேட்கட்டுமா அத்தே?”

அத்தை தாள்களை மேசைமேல் வைத்தார்.

“கேளு. உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு எல்லை வரைக்கும் வந்தவன், ஒரு தெருவை நடந்து தாண்டி வந்து எங்கப்பாகிட்ட ஏன் பொண்ணு கேக்கலேன்னு கேட்டுட்டு வா.”

5

நான் இன்னும் போகவில்லை. கால் வரவில்லை. அதீப் ஞாயிற்றுக்கிழமை பிரேசிலுக்குத் திரும்புகிறார். நீங்கள் வேண்டுமானால் போய்க் கேளுங்கள். அடுத்த தெரு, நீலக் கதவு. மனைவி இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள்.