பனிமாடன் கொல்லமாட்டான்

பனிமாடன் ஒரே கையால் ராணுவ லோரியைத் தூக்குவான், பிரிஞ்சாங் மலையை ஒரே தாவலில் தாண்டுவான். ஆனால் எதிரியை மட்டும் கொல்லமாட்டான். இது என்ன இழவு வீரம் என்று நாகரத்தினத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கதை அம்புரோஸ் கட்டியது. ஜப்பான்காரன் வந்ததிலிருந்து தேயிலையைச் சீந்துவாரில்லை, உலையில் போட அரிசியில்லை. சாயங்காலமானால் தோட்டத்து லய வீட்டுச் சனமெல்லாம் வாசலில் கூடி மரவள்ளிக் கிழங்கு உரிக்கும். தொட்டுக்கொள்ளப் பனிமாடன் கதைதான்.

"இன்னிக்காச்சும் கதையில வர்ற அந்தத் துரோகி கழுத்தைத் திருப்பச் சொல்லு லா!" என்றாள் நாகரத்தினம்.

"மாட்டான்க்கா." அம்புரோஸ் கிழங்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒருத்தனைக் கொன்னா, மறுநாளே ஆளுக்கொரு துரோகி பேரைச் சொல்லிக்கிட்டு வந்து நிப்பாங்க. எது நெசம்னு அவன் எங்க போய்ப் பார்ப்பான்?"

"உனக்கென்னப்பா! ஜப்பான்காரன் தானா ராத்தா முகாமுக்கு இழுத்துட்டுப் போயும் முழுசாத் திரும்பி வந்துட்ட. சயாம் ரயில் பாதை போடப் பிடிச்சுட்டுப் போன எம் புருசன் போனவருதான்."

சொல்லிவிட்டு விருட்டென்று எழுந்தாள். புருஷன் வேலப்பனைக் காட்டிக்கொடுத்தது கங்காணி தங்கராஜுதான் என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. சிப்பாய்களை வீட்டு வாசல்வரை கூட்டிவந்தவன் அவன்தானே? இப்போது காய்ச்சலில் தனியாகக் கிடந்தான். நோயில் விழுந்த ஒற்றை ஆளுக்கு லயத்தார் முறைவைத்துச் சாப்பாடு கொடுப்பது வழக்கம். அன்று அவள் முறை.

ஊறவைத்து விஷம் போக்காத கசப்புக் கிழங்கின் மேல், கசப்பு தெரியாதபடி மிளகாய்ச் சம்பாலை அப்பி எடுத்துப்போனாள். பாவி, தின்று தொலையட்டும்!

கங்காணி தட்டை வாங்கி மடியில் வைத்தான். "என்னை மன்னிச்சிரும்மா. முதுகுல துப்பாக்கி இருந்துச்சு, வீட்டைக் காட்டிட்டேன். ஆனா வேலப்பன் பேரை அவனுங்களே கொண்டு வந்தானுங்க, சத்தியமா."

"பேரைச் சொன்னது யாரு?"

"தானா ராத்தா போய்த் திரும்பி வந்தது ஒருத்தன்தானேம்மா?"

அவன் கிழங்கைப் பிட்டான். அவள் தட்டை வெடுக்கென்று பிடுங்கினாள். "ஆறிப்போச்சு, வேற கொண்டாறேன்." ஓடிப்போய்ச் சாக்கடையில் கொட்டினாள். தப்பிக்கப் புளுகுகிறானோ? உண்மைதானோ? ஐயோ, இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால்!

வாசலில் கதை உச்சத்தில் இருந்தது; பனிமாடனின் காலடியில் துரோகி கிடந்தான். "கொல்லு! கொல்லு!" என்று சனம் கத்தியது.

அம்புரோஸ் நிமிர்ந்து சிரித்தான். "என்னக்கா, இன்னிக்கு ஒங்களுக்காகக் கொன்னுரட்டுமா?"

நாகரத்தினம் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வேணாம் தம்பி. அவரு பேரை ஏன்டா சொன்னன்னு மட்டும் மாடன் கேக்கட்டும். பதில் சொல்ல ஆளு உசிரோட இருக்கணும் லா."

அம்புரோஸின் கையிலிருந்த கிழங்கு நழுவி உருண்டது. எல்லோரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குக் கதை அதற்குமேல் நகரவில்லை.