பத்து விரல் பதிய வேண்டும்

காடாம்புலியூர் ரத்தினம்மாளுக்கு விரல் ரேகை கிடையாது. சிரிக்காதீர்கள். முந்திரிக் கொட்டை உடைக்கிற கொட்டகையில் பாதி ஆயுசைக் கழித்த எந்தப் பெண்ணின் கையையும் திருப்பிப் பாருங்கள், இதேதான் இருக்கும். கொட்டையின் ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் முதலில் விரலைக் கறுப்பாக்கும், பிறகு பொசுக்கும், பிறகு உரிக்கும். உரிந்த இடத்தில் வழவழவென்று புதுத்தோல் வரும். அடுத்த நாள் கொட்டை அதையும் பொசுக்கும். அந்த ஊரில் இதை யாரும் ஒரு குறையாக நினைத்ததில்லை. பாங்கியில் அவள் கைநாட்டு வைத்தால் மை அப்பிய திட்டு ஒன்றுதான் விழும். மேனேஜரும் சரி போங்கம்மா என்றுவிடுவார்.

லண்டன் போக விசா கேட்டபோதுதான் அது குறையாகிப் போனது.

ஒரே மகள் ஜான்சி. சிதம்பரத்தில் நர்சிங் படித்து, கடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம் வேலை பார்த்து, லண்டனுக்குப் போனவள். அங்கேயே கல்யாணமும் ஆகி, இப்போது தலைப்பிரசவம். தை மாதக் கடைசியில் நாள் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளைக்கும் தாய் இல்லை.

"எத்தினி பேருக்குப் பிரசவம் பாத்திருக்கேன், எனக்குன்னு வந்தா பயமாருக்கும்மா. நீ வந்து பக்கத்துல நின்னாப் போதும்" என்று போனில் அழுதாள்.

புருஷன் லூர்துசாமி செத்துப்போன பின் ரத்தினம்மாள் வீட்டில் அவளைத் தவிர வேறு மூச்சு இல்லை. மகள் இப்படிக் கேட்ட பிறகு அவளுக்குச் சோறு இறங்குமா? மறுநாளே பஸ் ஏறிச் சிதம்பரம் போனாள். லூர்துசாமியின் அக்காள் மகன் தேவசகாயம் அங்கே கீழ வீதியில் டிராவல்ஸ் வைத்திருந்தான். பாஸ்போர்ட்டிலிருந்து ஜான்சியின் அழைப்புக் கடிதம் வரைக்கும் எல்லாம் அவன் பார்த்துக்கொண்டான்.

"தூதரகத்துல வெள்ளக்காரங்க முன்னாடி நிக்கணுமாடா?"

"இல்ல அத்த. அவுங்க உள்ள உக்காந்து பேப்பரப் பாத்து முடிவு பண்ணுவாங்க. மனு வாங்க மெட்ராசுல தனி ஆபீசு. போட்டோ புடிப்பாங்க. பத்து விரலையும் கண்ணாடி மேல வெக்கச் சொல்லுவாங்க. கேள்விகூட ஜாஸ்தி கேக்க மாட்டாங்க."

மெட்ராஸ் ஆபீசில் கேள்வி கேட்கவில்லைதான். கண்ணாடிக்கு அடியில் பச்சை வெளிச்சம் எரிந்தது. ரத்தினம்மாள் விரலை வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். மிஷின் அவளை ஒத்துக்கொள்ளவில்லை. கவுண்டரில் இருந்த பெண் ஈரத்தாள் கொடுத்துத் துடைக்கச் சொன்னாள், தானே விரலைப் பிடித்து அழுத்தியும் பார்த்தாள். கறுப்பு ஒட்டிக்கொள்ளுமோ என்று நுனியால்தான் பிடித்தாள். அது ரத்தினம்மாளுக்குச் சுருக்கென்றது.

"என்ன வேல செய்றீங்கம்மா?"

"முந்திரி ஒடைக்கிறேங்க."

"ரேகை பதியாம தூதரகத்துல மனுவ எடுத்துக்க மாட்டாங்க. ஒரு மாசம் வேலைய நிறுத்துங்க. தோல் ஆறும். அப்புறம் வாங்க."

அந்த ஒரு மாசத்தைத்தான் என்னவென்று சொல்வது! கொட்டகையில் பகல் முழுக்கக் கொட்டை உடைக்கிற கட்டைச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசியே பழகியவள். யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எந்த முதலாளிக்குத் தொந்தி வைத்தது, எல்லாம் அங்கேதான். இப்போது வீட்டில் ஒரு டம்ளர் கைதவறி விழுந்தால், அந்தச் சத்தத்தையே பொழுது சாய்கிறவரை நினைத்துக்கொண்டிருந்தாள். தோழி மங்கலம் முதலில் தினமும் வந்து, "என்னாக்கா லண்டன்காரி, வெயிலு படாம வெளுத்துப் போயிட்ட" என்று கேலி பேசினாள். அப்புறம் கொட்டகையில் வேலை நெருக்கியது, அவளும் வருவது நின்றது. கிறிஸ்துமசுக்குச் சமைத்த கறி மூன்று வேளைக்கு வந்தது.

ஆனால் ரேகை வந்தது! மெல்லிய நூல் மாதிரி, வெயிலில் சாய்த்துப் பார்த்தால் தெரிகிற மாதிரி. கறுப்புதான் போகவில்லை. கவுண்டர் பெண் நுனியால் பிடித்தது ரத்தினம்மாளுக்கு மறக்கவில்லை. இந்தக் கையோடா மறுபடி போய் நிற்பது? இந்தக் கையாலா பச்சைப் பிள்ளையைத் தொடுவது?

வேலியோரம் மருதாணிச் செடி இருந்தது. தாலி அறுத்தவள் மருதாணி வைத்தால் ஊர் பேசும். அதனால் நடுப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு அம்மியில் அரைத்தாள். இன்றைக்கு இடது கை, நாளைக்கு வலது கை என்று, விரல் ஒவ்வொன்றுக்கும் தொப்பி வைத்தாள். வலது கைக்கு வைக்கும்போது இடது கை பழக்கமில்லாமல் தடுமாறியது. பிடித்துவிட ஆள் வேண்டும்; யார் இருக்கிறார்கள்? காய்ந்து உதிர்ந்ததும் பார்த்தாள். கறுப்பு போன இடம் தெரியவில்லை. கல்யாணப்பெண் கைபோல நல்ல சிவப்பு.

மெட்ராசில் வரிசை நகர்கிறவரை தேவசகாயத்துக்கும் காட்டாமல் முந்தானைக்குள் வைத்திருந்தாள். கவுண்டரில் கையை நீட்டினாள்.

"ஐயோ, மருதாணியா?" என்றாள் அதே பெண். "மருதாணி வெச்ச விரல்ல ரேகை எடுக்கக் கூடாதும்மா. போர்டுலயே போட்டிருக்கே."

போர்டு இங்கிலீஷில் இருந்தது.

தேவசகாயம் தலையில் அடித்துக்கொண்டான். "என்னாத்த இது! நான் சொல்லாம வுட்டுட்டேனே. யாரு வெச்சி வுட்டது உனக்கு?"

"நானேதாண்டா."

"ரெண்டு கைக்குமா?"

"ரெண்டு கைக்குந்தான்."

அதற்கப்புறம் அவன் திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, கடலூர் வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தான். சிவப்பு மங்கி, மறுபடி நாள் வாங்கி, தூதரகம் முடிவு சொல்வதற்குள் தை போய்விடும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

தையில் ஒரு சாயங்காலம் போன் வந்தது.

"பொண்ணும்மா. நல்லாருக்கா."

ரத்தினம்மாள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "உன் பக்கத்துல யாரு நின்னா?"

"அவருக்கு வர லேட்டாயிடிச்சிம்மா. டூட்டி நர்ஸ் ஒருத்தி கடைசிவரைக்கும் கையப் புடிச்சிக்கினே நின்னா."

"அவ பேரு என்னா?"

"கேக்கவே இல்லம்மா." ஜான்சி மூக்கை உறிஞ்சினாள். "இனிமே அவசரமில்ல. நீ வேலைக்குப் போ. தனியா கெடந்தா உனக்குப் பைத்தியந்தான் புடிக்கும்."

மறுநாள் காலை, கொட்டகைக்குப் போகிற பெண்கள் கும்பலாக வந்தார்கள். மங்கலம் வாசலில் நின்று கத்தினாள். "பேத்தி பொறந்தாச்சி, இன்னும் என்னாக்கா கையப் பொத்தி வெச்சிக்கினு! எழுந்து வா."

ரத்தினம்மாள் எழுந்தே விட்டாள். செருப்பில் ஒரு காலையும் நுழைத்துவிட்டாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, நின்றாள்.

"வரல மங்கலம். மெட்ராசுல மறுபடி நாளு வாங்கச் சொல்லிட்டேன் தேவசகாயத்துகிட்ட. பேத்தி பொறந்தப்பதான் இல்ல, அது நடக்கறப்பவாவது நான் பாக்கணும்."

"அதுக்கு சும்மாவாவது வந்து உக்காரு. பேசிக்கினு இருக்கலாம்."

"உங்க நடுவுல உக்காந்தா என் கை சும்மா இருக்குமாடி?"

மங்கலம் கும்பலோடு திரும்பி நடந்தாள். நாலு எட்டு போயிருப்பார்கள், ரத்தினம்மாள் படிக்கு இறங்கி வந்து கூப்பிட்டாள்.

"அடியே, போறப்ப கொஞ்சம் சத்தமாப் பேசிக்கினு போங்கடி."

அவர்கள் பேசினார்கள். முந்திரித் தோப்பு திரும்புகிறவரைக்கும், சண்டை போடுகிற மாதிரி, தொண்டை கிழியப் பேசிக்கொண்டு போனார்கள்.