வெள்ளை பியட்டுக்குப் பின்னால்

...இன்னும் எத்தனை மேடு இருக்கிறதோ, ஒவ்வொரு மேட்டிலும் வண்டி மூச்சு வாங்குகிறது, கூடவே தனக்கும் மூச்சு வாங்குவதாகச் செங்கமலத்துக்குத் தோன்றியது, மடியில் தண்ணீர்க் கேன், இடது கை கதவில், அது கதவா, தார் டிரம்மை வெட்டித் தட்டி நிமிர்த்திய தகடு, அவர் சுத்தியலால் அடிக்க அடிக்க மறுபக்கம் பிடித்துக்கொண்டிருந்தது இவள்தான்... பெரம்பலூரில் கொடியை ஆட்டிக் கிளப்பிவிட்டபோது ஜனங்கள் காரைப் பார்த்துச் சிரித்தார்களா, இவளைப் பார்த்தா? பக்கத்து சீட்டில் ஒரு ஆள் இருந்தே ஆக வேண்டும் என்று கார்ப் பந்தயம் நடத்தும் திருச்சி கிளப்காரர்கள் விதி வைத்திருந்தார்கள், புருஷன் உத்திராபதி கேட்டுப் பார்த்த சிநேகிதர்கள் எல்லோருக்கும் அன்றைக்கென்று கல்யாணம், காதுகுத்து. கடைசியில், “நீயே வாயேன் புள்ள” என்றார். பேரன் எடுத்த வயதில் தலையில் ஹெல்மெட், உள்ளே கொண்டை நசுங்கி மண்டை வலிக்கிறது, யாரிடம் சொல்ல.

குன்னம் தாண்டிவிட்டது, பருத்திக்காடு பின்னால் ஓடுகிறது, முன்னால் வேணுகோபாலின் வெள்ளை பியட் மட்டும்தான், மற்ற வண்டிகள் எங்கெங்கோ நின்றுவிட்டன. திருச்சி மில்காரர் வேணுகோபாலைத் தோற்கடிக்க ஆலத்தியூர் சிமெண்ட் ஆலைக் கணக்கரான இவர் கோழி அடைந்து கிடந்த பழைய மாரிஸ் காரை வாங்கி, அதில் அம்பாசடர் எஞ்சினை ஏற்றி... மகள் சாந்தாவைத் துறையூரில் கட்டிக்கொடுத்த வருஷம் வாங்கினார். அவள் போனபிறகு வீட்டில் சாப்பிடும் சத்தம் மட்டும்தான் கேட்டது, இரண்டு பேரும் என்ன பேசுவது என்று தெரியாமல் ரேடியோவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே... வண்டி வந்தபிறகுதான் பேச்சு வந்தது. அந்த ஸ்பேனரை எடு, இந்த நட்டைப் பிடி, லைட்டைக் கொஞ்சம் தூக்கு. அதுவும் ஒரு பேச்சு. அலுத்துப்போயிற்று, புடவையெல்லாம் கிரீஸ், முதுகு விட்டுப்போகிறது, எப்போதுதான் முடியும் என்று கேட்டபோது அவர் சொன்னார், “ஒரே ஒரு பந்தயம் ஜெயிச்சிட்டாப் போதும் செங்கமலம், வண்டிய வித்துட்டு நிம்மதியா இருக்கலாம்.” அந்த நிம்மதிக்காகத்தானே இவ்வளவும்.

சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடி ஓடி வெளுத்துப்போன ரோடு, புழுதி பல்லில் நெறுநெறுக்கிறது, அரியலூர் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டது, அப்போது பியட் திடீரென்று இருமியது, கறுப்பாகப் புகை கக்கிக்கொண்டு இடது ஓரம் ஒதுங்கியது, நின்றுவிடவில்லை, தவழ்கிறது, வலது பக்கம் ரோடு முழுக்கக் காலி.

“ஏங்க, எடம் கெடக்கு, ஏறுங்க!”

“பாக்குறேன், பாக்குறேன்...”

பார்க்கவில்லை. அவர் கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து மெல்ல மேலே வந்ததை அவள் பார்த்தாள், யாரும் தள்ளவில்லை, தானாக வந்தது, தூங்குகிற குழந்தையின் தலைக்கடியிலிருந்து கையை உருவுவதுபோல அவ்வளவு மெதுவாக. பியட் இருமி இருமி வேகம் பிடித்து மறுபடி முன்னால் போயிற்று, எல்லைக்கோட்டில் கட்டியிருந்த துணிக்கடியில் அதுதான் முதலில் நுழைந்தது.

வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். “எஞ்சின் சூடாயிருச்சு புள்ள. இல்லன்னா புடிச்சிருப்பேன்.” இவள் முகத்தைப் பார்க்கவில்லை. சூடு காட்டும் முள் பாதியில் நின்றிருந்தது, இரண்டு பேருக்கும் நடுவில், இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரி.

“ஆமாங்க, சூடாத்தான் இருக்கு” என்றாள் செங்கமலம்.

சொன்னபிறகுதான் யோசித்தாள், ஏன் அப்படிச் சொன்னோம், கோபம் வந்திருக்க வேண்டுமே, இத்தனை வருஷமும் போச்சே என்று அழுகையாவது வந்திருக்க வேண்டுமே... எங்கோ நெஞ்சுக்குள் இறுகியிருந்த ஒன்று தளர்ந்த மாதிரியல்லவா இருக்கிறது, வண்டி போய்விட்டால் மறுபடி அந்த ரேடியோதான் என்ற பயம் அவருக்கு மட்டும்தான் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்...