ஓர்னெல்லாவின் கம்பிகள்

செவ்வாய்க்கிழமை மூன்று தகடுகள் செத்தன. வியாழன் காலைக்குள் பதினொன்று.

நிலத்தடியில் நூறு மீட்டர் ஆழத்தில், பெரிய காந்தத்தின் வயிற்றுக்குள் வைத்துப் பூட்டிவிட்ட சிலிக்கான் தகடுகள் அவை. நொடிக்கு நாலு கோடி முறை துகள்கள் மோதும் இடம். எல்லாவற்றையும் சேமித்து வைக்க எந்தக் கணினியிலும் இடம் போதாது. துகள் போன தடத்தைத் தகடுகள் உடனே சொன்னால்தான் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தீர்மானிக்கலாம். தீர்மானிக்கும் மின்சுற்று என் பொறுப்பு. தகடுகளில் கம்பி இணைத்தவள் ஓர்னெல்லா. தலைமுடியைவிட மெல்லிய அலுமினியக் கம்பி. இத்தாலியில், பீசா நகரத்தில் உட்கார்ந்து ஆறு வருஷம் இணைத்தாள்.

காலைக் கூட்டத்தில் எங்கள் குழுத்தலைவர் இவானோ எல்லார் முன்னாலும் கேட்டார்: "நேராவே கேக்கறேன் ஓர்னெல்லா. வயசாச்சு. கை நடுங்குதா?"

"உன் காபிக் கோப்பையைப் பாரு இவானோ. அதுதான் நடுங்குது."

வெளியே வந்ததும் என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"எலியோ, ஒரு தகடு மிச்சம் இருக்கு. மேல ஆய்வுக்கூடத்துல, சின்னக் காந்தத்துக்குள்ள வெச்சிருக்கேன். அதுங்க செத்தப்ப நீ என்ன அனுப்பிட்டிருந்த?"

"சும்மா சோதனைக்கு மின்துடிப்புதான். நொடிக்குப் பதினேழாயிரம், ஒரே சீரா."

"அதையே இதுக்கும் அனுப்பு."

ஆய்வுக்கூடத்தில் அதே துடிப்பை அனுப்பிவிட்டு நுண்ணோக்கியில் மாறி மாறிக் கண்ணை வைத்தோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு கம்பி மங்கலானது. அது ஆடிக்கொண்டிருந்தது. காந்தத்துக்குள் மின்சாரம் பாயும் கம்பி நெட்டித் தள்ளப்படும். ஊஞ்சலைத் தாளம் தப்பாமல் தள்ளுவதுபோல என் துடிப்பு அதைத் தள்ளித் தள்ளி விட்டது. நிஜ மோதல்களின்போது துடிப்பு ஒழுங்கில்லாமல் வரும், அதனால் கம்பி பிழைத்துக்கொள்ளும். ஆறு நிமிஷத்தில் கம்பி அறுந்தது.

"என் கை இல்ல," என்றாள். உடனே அழுதாள்.

என் கைதான் அறுத்தது. "ஓர்னெல்லா... நான் காலையில போட்டுவிட்ட சோதனை கீழ இன்னும் ஓடிட்டிருக்கு."

போன் செய்தேன். "இன்னொரு கூட்டத்துல இருக்கேன், அப்புறம் பேசு," என்று இவானோ துண்டித்தார். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. வண்டி நிறுத்துமிடத்தைக் குறுக்கே ஓடிக் கடந்தேன். கட்டுப்பாட்டறைக் கதவு என் நுழைவு அட்டையை இரண்டு முறை ஏற்க மறுத்தது. உள்ளே போய் நிறுத்தியபோது திரையில் பதினான்கு தகடுகளின் கட்டங்கள் கறுத்திருந்தன.

கூட்டத்துக்குள் நுழைந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"காந்தத்தைத் திறக்க முடியாதுடா," என்றார் இவானோ. "மூணு வருஷத்துக்கு யாரும் உள்ள கை வைக்க முடியாது."

"தெரியும்."

"அந்தப் பக்கம் போற துகள் எதையும் நாம பார்க்கவே மாட்டோம்."

"தெரியும்னு சொல்றேன்ல!"

என் பின்னால் வந்து வாசலில் நின்ற ஓர்னெல்லாவிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் காத்திருக்கவில்லை. என்னிடம் ஒரு தாளை நீட்டினாள்.

"எதனால அறுந்துச்சுன்னு எழுது. உன் கையெழுத்தோட."

எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள். மறுநாள் ரயிலில் பீசாவுக்குப் போய்விட்டாள்.

சீரான துடிப்பை அதற்குப் பிறகு யாரும் அனுப்ப முடியாதபடி பூட்டினேன். பதினைந்தாவது தகடு சாகவில்லை.