டார்ச் வெளிச்சத்தில் ஏழாம் அறை

“என்ன வேணும்னாலும் சொல்லுங்க. வேலையை விடுன்னு மட்டும் சொல்லிராதீக,” என்றாள் பாண்டிலட்சுமி.

“ஏன் அப்படி?”

“எங்கம்மா ஒரு முழம் பூவுக்கும் அப்பா மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிப்பா. நான் நிக்கமாட்டேன்.”

கல்யாணத்துக்கு முன்பு ஆனைக்குட்டம் அணைக்கரையில் அவள் கேட்டதற்குச் சூர்யபிரகாஷ் சிரித்தபடி சரி என்றிருந்தான். அப்போது அவன் கம்ப்யூட்டர் கடையில் இருந்தான். அவள் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியின் ஆபீசுக்கே வேலைக்கு வந்து, கேமராத் திரைக்கு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் பயம் பிடித்தது. மருந்து அடைக்கும் ஏழாம் அறையில் நான்கு பெண்கள்; அதில் ஒருத்தி அவன் மனைவி. அவள் வேலையை விட வேண்டாம், லேபிள் ஒட்டும் செட்டுக்கு மாறினால் போதும். அதைக் கேட்கவும் அவனுக்கு வாய் வரவில்லை. வாக்கு தவறியவன் என்று நினைத்துவிட்டால்?

இன்று காலையிலிருந்தே பழைய மானிட்டர் மினுக்கிக்கொண்டிருந்தது. வெயில் உச்சிக்கு ஏறிய நேரம், ஏழாம் அறையில் நான்கு பேரும் சட்டென்று எழுந்து நின்றார்கள். அடுத்த கணம் திரை கறுத்தது.

வெடிச் சத்தம் எதுவும் இல்லை. அவசரத்தில் போர்மேன் சங்கிலிமுத்துவுக்குப் போன் போட்டான். அவன் மேசை டிராயருக்குள்ளேயே மணி அடித்தது. உள்ளே போகிறவர்கள் எல்லோரும் போனை அவனிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

சைரனை அழுத்தலாம். ஆனால் காரணம் தெரியாமல் அழுத்தினால் அத்தனை அறையிலும் பெண்கள் அலறியடித்து ஓடுவார்கள். மருந்துத் தட்டில் ஒரு கால் பட்டால் போதும்.

மானிட்டரில் பச்சை விளக்கு எரிந்தது, கரண்ட் இருக்கிறது. கேபிளைப் பிடுங்கிச் செருகினான். வேறு கேபிள் மாற்றினான். பட்டனை அணைத்துப் போட்டதும் படம் பளிச்சென்று வந்து உடனே மறைந்தது. அப்படியானால் படம் உள்ளே இருக்கிறது, பின்னால் எரியும் விளக்குதான் போயிருக்கிறது. ஜன்னலைச் சாத்திவிட்டுப் போன் டார்ச்சைத் திரைமேல் சாய்த்துப் பிடித்தான்.

உள்ளங்கை அகலத்துக்கு மங்கலாக ஏதோ தெரிந்தது. டார்ச்சை மெல்ல நகர்த்தினான். வாசற்படி. கவிழ்ந்து கிடந்த தட்டு. தரையெல்லாம் மருந்து. மூன்று பேரைக் காணவில்லை. மூலையில் ஒருத்தி மட்டும் குனிந்து, குடத்திலிருந்து மெல்ல மெல்லத் தண்ணீரைச் சரித்துக்கொண்டிருந்தாள். அந்த முதுகை அவனுக்குத் தெரியும்.

சைரன் பட்டனுக்குப் போன விரலை இழுத்துக்கொண்டான். இப்போது அவள் திடுக்கிடக் கூடாது. தரை முழுவதும் நனைந்து, அவள் பின்பக்கமாகவே அடியெடுத்து வைத்து வாசலைத் தாண்டும்வரை டார்ச்சை அசைக்கவில்லை.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, ஓடக் கூடாத அந்தக் காம்பவுண்டுக்குள் வேக வேகமாக நடந்தான். வேப்பமரத்தடியில் அவள் கால் கழுவிக்கொண்டிருந்தாள். சங்கிலிமுத்து அறைக்கு வெளியே காவல் நின்றார்.

“வீட்டுல பாக்குறது பத்தலையாக்கும்,” என்றாள் கூட வேலை பார்க்கும் கற்பகவல்லி. யாரும் சிரிக்கவில்லை.

“தட்டு கவுந்துருச்சு. தண்ணி ஊத்தியாச்சு,” என்றாள் பாண்டிலட்சுமி. “நீங்க ஏன் பேயறைஞ்ச மாதிரி வாரீக?”

குடத்தை வாங்கிக் கீழே வைத்தான். அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன.

“வேலைய விடச் சொல்லல, லட்சுமி. லேபிள் செட்டுக்கு மாறிக்கிடு. ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். இப்ப கேக்குறேன்.”