முதல் கச்சேரியின் கேசட்

முத்துநகர் சேம்பர் ஆர்கெஸ்ட்ராவின் ஐம்பது வருஷ வரலாற்றைப் பிழை திருத்தித் தரும்படி ஷாம் கொண்டுவந்து கொடுத்தான். ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஜெயபாய், மில்லர்புரத்தில் தன் வீட்டு மேசையில் அதை விரித்து வைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலேயே பதினாறு பொய்களைக் கண்டுபிடித்தாள். எழுத்துப் பிழை வேறு.

'மாமனிதர் எஸ்றா அவர்கள் 1975ஆம் ஆண்டு ஐரோப்பியச் செவ்வியல் இசையை முத்துக்குளித்து நம் கரைக்குக் கொண்டுவந்தார்' என்று தொடங்கியது வரலாறு. எஸ்றா முழங்கால் தண்ணீரைத் தாண்டியதில்லை. கடலில் மட்டுமல்ல, எதிலுமே.

அவன் ஜெயபாயின் சித்தப்பா மகன், ஷாமின் அப்பா. செத்து ஆறு வருஷமாகிறது. செத்தவனை வெறுக்கக்கூடாது என்பார்கள். அவள் வெறுக்கவில்லை; உயிரோடு இருந்தபோதே அவனை அந்த அளவுக்குப் பொருட்படுத்தியதில்லை.

அடுத்த பக்கத்தில் பன்னிரண்டு ஆண்கள் கோட்டு போட்டு நிற்கும் படம். நடுவில் எஸ்றா, வயலினைப் பல மடங்கு பெரிதாக்கியது போன்ற செலோவோடு உட்கார்ந்திருந்தான். வில்லை விளக்குமாறு மாதிரிப் பிடித்திருந்தான். அந்த செலோ ஜெயபாயுடையது. நாசரேத்தில் ஒரு மிஷனரி அம்மா அவளுக்கு ஏழு வருஷம் கற்றுக்கொடுத்து, நாடு திரும்பும்போது விட்டுப்போனது. துறைமுகத்தில் வேலைபார்த்த வயலின்காரர்களைத் தேடிப் பிடித்ததும், ஆளுக்கொரு பிரதியாக இசை நோட்ஸைக் கையால் எழுதியதும், ஆர்கெஸ்ட்ரா என்று ஒன்றை உண்டாக்கியதும் அவள்தான்.

முதல் கச்சேரி திருச்சபை மண்டபத்தில் என்றானதும் மூப்பர்கள் கூடினார்கள். கல்யாணமாகாத பெண், இரண்டு முழங்காலுக்கு நடுவே அவ்வளவு பெரிய வாத்தியத்தை வைத்துக்கொண்டு சபைக்கு முன்னால் உட்காருவதா? ஜெபம் பண்ணி ஒரு வழி கண்டார்கள். அவள் திரைக்குப் பின்னால் இருந்து வாசிக்கலாம். பக்கம் திருப்ப எஸ்றா கூட இருப்பான். கப்பல்காரர் ஒருவர் கொடுத்த டேப்ரிக்கார்டரையும் இடமில்லாமல் அவள் காலடியில்தான் வைத்தார்கள். கச்சேரி முடிந்து படம் எடுக்கும்போது வாத்தியத்தை மட்டும் வெளியே கேட்டார்கள்.

வரலாற்றின் கடைசிப் பக்கத்தில் அவள் பெயரும் இருந்தது. 'சிற்றுண்டி ஏற்பாடு: செல்வி ஜெயபாய்.'

"ஷாம், அந்த வாத்தியத்த வாசிச்சது நான்," என்றாள் எதிரே உட்கார்ந்திருந்தவனிடம்.

ஷாம் ஒரு கப்பல் ஏஜென்சி நடத்துகிறான். ஆர்கெஸ்ட்ராவின் தலைவரும் அவன்தான். வயலினையும் வியோலாவையும் பக்கத்தில் வைத்து எது எதுவென்று கேட்டால் முழிப்பான்.

"கேள்விப்பட்டிருக்கேன் அத்தை. ஆனா வரலாறுன்னா ஒரே ஆளச் சுத்தித்தான் போவணும். படத்துல அப்பாதான இருக்காங்க. நீங்க எழுத்துப் பிழை மட்டும் பாத்தாப் போதும்."

அவளுக்கு அவன் மேல் எரிச்சல் வந்தது. ஐம்பது வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்த தன் மேலும் வந்தது. அச்சில் ஏறிவிட்டால் அதுதான் உண்மை; முப்பத்துநாலு வருஷம் பாடப்புத்தகம் நடத்தியவளுக்கு இது தெரியாதா? செத்த பிறகு வடை வாங்கி வைத்தவளாக மட்டும் மிஞ்சப்போகிறோம் என்பதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"அப்புறம் அத்தை, முதல் கச்சேரி கேசட் உங்ககிட்ட இருக்காமே. விழாவுல அப்பா படத்துக்கு மாலை போடும்போது அத ஓடவிடணும்."

ஜெயபாய் பீரோவைத் திறந்து கேசட்டை எடுத்து வந்தாள்.

"பதினோரு நிமிஷம் ஓடும். முழுசாக் கேட்டுட்டுப் போடு."

மூன்றாம் நாள் போன் செய்தான். "கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு அத்தை. அப்பா கலக்கியிருக்காங்க."

"முழுசாக் கேட்டியா?"

"ரெண்டு தடவ கேட்டேன்."

அவள் எழுத்துப் பிழைகளை மட்டும் சிவப்பு மையில் திருத்தி அனுப்பினாள்.

விழா மண்டபம் நிறைந்திருந்தது. நான்கு பகுதிகள் கொண்ட இசைக்கு முதல் பகுதி முடிந்ததுமே கைதட்டி எழுந்து, டிபன் எங்கே என்று பார்த்த கூட்டம் அது. மேடையில் எஸ்றாவின் படம் கதவு உயரத்துக்கு நின்றது. ஷாம் மாலை போட்டுவிட்டு மைக்கைப் பிடித்தான்.

"என் தந்தையின் விரல்கள் பேசுவதைக் கேளுங்கள்."

செலோ ஒலித்தது. மூன்றாம் வரிசையில் இருந்த ஜெயபாய்க்கு, இருபத்துநாலு வயசில் இவ்வளவு நன்றாகவா வாசித்தோம் என்று இருந்தது. ஷாம் கண்ணை மூடிக்கொண்டு, தாளத்துக்குச் சம்பந்தமில்லாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

ஒன்பதாவது நிமிஷத்தில் செலோ தடுமாறி நின்றது. வயலின்கள் தொலைவில் போய்க்கொண்டிருக்க, ஒரு பெண்குரல் மட்டும் கணீரென்று கேட்டது.

"ஏலே எஸ்றா, மூதி. ரெண்டு பக்கத்தச் சேத்துத் திருப்பிட்டியே. பின்னால திருப்புலே."

"எந்தப் பக்கம்க்கா?"

"நீ கைய எடு. நானே திருப்புதேன்."

தாளைத் திருப்பும் சத்தம். செலோ மறுபடி வந்து சேர்ந்துகொண்டது.

மண்டபத்தில் பாதிப்பேர் அந்தக் குரலிடம் மூதி என்று திட்டு வாங்கிப் படித்தவர்கள். ஐம்பது வருஷத்தில் அது மாறவேயில்லை. மேடையில் வயலினோடு உட்கார்ந்திருந்த, அவளுடைய பழைய மாணவி ஜெனிலாதான் முதலில் சிரித்தாள். பிறகு வரிசை வரிசையாகத் தலைகள் ஜெயபாயின் பக்கம் திரும்பின. மிச்சமிருந்த இரண்டு நிமிஷத்தை அந்தக் கூட்டம் முதல்முறையாக அசையாமல் கேட்டது.

ஷாம் இறங்கி வந்தான். முகம் வெளுத்திருந்தது, விரல்களில் மாலையின் ஜரிகை ஒட்டியிருந்தது.

"அத்தை, இதுல இப்படி இருக்குன்னு உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும்லே. உனக்கும் தெரியும்னுல்லா நெனச்சேன். ரெண்டு தடவ கேட்டேன்னு சொன்னியே."